துடைப்பதற்கும் கூலி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் பெட்ஃபோர்டுக்கு அருகே சிறிய மோட்டார் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. கடைசிப் 11 ஆண்டுகளாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் கட்டித் தருவதே என் முதன்மையான வேலை. சென்ற மாதம் வண்டியை எடுக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், பில்லில் "முகங்கள் சுத்தம் செய்து சரிபார்த்தல், இரண்டு நாள் கூலி" என்று நான் எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்து, "துடைக்கிறதுக்கு ரெண்டு நாள் கூலியாண்ணா?" என்று கேட்டார். அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். கடை வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் பலர் இந்த மாவட்டத்தில் இருப்பார்கள் என்பதால் முழுப் பதிலையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓரிரு விளக்கங்கள். முகம் என்று நாங்கள் சொல்வது, இரண்டு உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் தட்டையான பரப்பை. இன்று கிளட்ச் பெடல் இல்லாத வண்டியை எல்லாம் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறோம். 2014இல் மாருதி செலேரியோவுடன் பரவத் தொடங்கிய ஏஎம்டி வகையில், உள்ளே இருப்பது வழக்கமான கியர்பாக்ஸும் வழக்கமான கிளட்சும்தான். காலால் மிதிக்கும் வேலையை ஒரு கருவி செய்கிறது. நான் எழுதுவது அதைப் பற்றி அன்று. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர் வைத்து, எண்ணெயின் அழுத்தத்தாலேயே கிளட்ச்களைப் பிடித்தும் விட்டும் கியர் மாற்றும் பெட்டிகளைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் எண்ணெய், பற்சக்கரங்களுக்கு வழுவழுப்பு தருவதோடு நிற்பதில்லை. மூளையின் கட்டளையைக் கைக்குக் கொண்டுபோகும் நரம்பும் அதுதான், பிடிக்கின்ற கையும் அதுதான். கார் டயருக்கு நாம் 30, 35 பவுண்டு காற்று அடிக்கிறோம். பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தம் எஞ்சின் சும்மா ஓடும்போதே ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது ஐந்தாறு மடங்குக்குப் போகும். வால்வ் பாடி என்று நாங்கள் சொல்லும் அலுமினியப் பலகையில் எறும்பு குடைந்த வழிகள்போல ஏராளமான வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒரு வாய்க்காலுக்கும் பக்கத்து வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கும் வரப்பு சில இடங்களில் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. வயலில் வரப்பு உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உழவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதேதான் நடக்கிறது. மூன்றாம் கியரின் கிளட்சைப் பிடிக்க வேண்டிய எண்ணெய், வரப்பில் உள்ள ஒரு கீறல் வழியாகப் பக்கத்து வாய்க்காலுக்குக் கசிந்துவிட்டால், கிளட்ச் முழுப் பலத்தோடு பிடிக்காது. பிடிக்காத கிளட்ச் வழுக்கும், வழுக்குவது சூடாகும், சூடானது கருகும்.

இதை நான் கண்ணால் கண்டது கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து வந்த தேயிலை விவசாயி ஒருவரின் வண்டியில். சமவெளியில் உள்ள ஒரு பட்டறையில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்துப் பெட்டியைப் புதுப்பித்திருந்தார். அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கிளட்ச் தட்டுகள், ஆயில் சீல்கள், ஓ-ரிங்குகள் எல்லாம் புதியவை. நல்ல தரத்தில்தான் போட்டிருந்தார்கள். நாற்பதே நாளில், மேட்டுப்பாளையத்திலிருந்து குடும்பத்தோடு மலையேறும்போது, எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பெட்டியைக் கழற்றி, அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரைத் திறந்தபோது எண்ணெய் கருகிய நாற்றம் பட்டறை முழுவதும் அடித்தது. ஃபில்டரின் வலையில் ஆரஞ்சு நிறச் சிலிக்கான் பசை வேகவைத்த சேமியா போல இழை இழையாகச் சுற்றிக் கிடந்தது. வால்வ் பாடியைக் கழுவி விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், பழைய பேக்கிங்கை (இரு முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தாளை) இரும்பு பிளேடால் சுரண்டிய தடங்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, ஒரு வரப்பின் குறுக்கே, இந்த வாய்க்காலிலிருந்து அந்த வாய்க்கால் வரைக்கும் நேராக ஓடியது. கண்ணுக்கு அது ஒரு பளபளப்பான கோடு மட்டுமே. நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால்தான் பள்ளம் தட்டுப்பட்டது. மூன்றாம் கியர் கிளட்சின் தட்டுகளைக் கையில் எடுத்தபோது கருகிய பூச்சு பொடியாக உதிர்ந்தது. புதிதாக வாங்கிப் போட்ட அத்தனை பொருளும், அந்த ஒரு கீறலாலும் அந்தச் சேமியாவாலும் வீணாகிவிட்டன.

நடுவில் காகிதப் பேக்கிங் இருந்தால் சிறு கீறலை அது ஓரளவு நிரப்பிவிடும் என்பது உண்மையே. ஆனால் பல பெட்டிகளில் வால்வ் பாடியின் இரு பாதிகளும் பேக்கிங் இல்லாமல் உலோகத்தோடு உலோகமாகவே சேர்கின்றன. அங்கே முகத்தின் சமதளமே பேக்கிங்.

மற்றவர் பிழையை மட்டும் எழுதிவிட்டு நான் ஒதுங்குவது நேர்மையாகாது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு பெட்டியைக் கெடுத்திருக்கிறேன். கை டிரில்லில் மாட்டிச் சுற்றும் மென்மையான உராய்வு வட்டுகள் அப்போது கடைகளில் கிடைக்கத் தொடங்கியிருந்தன. ஒட்டிப்போன பேக்கிங்கை அவை கணப்பொழுதில் எடுத்துவிடும். முகம் கண்ணாடிபோல மின்னும். அரை நாள் வேலை கால் மணி நேரத்தில் முடிந்ததே என்று மகிழ்ந்தேன். மூன்று மாதத்தில் அதே பெட்டி திரும்பி வந்தது. பம்பின் உட்புறம் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. சுழலும் தண்டுகளைத் தாங்கும் புஷ்களில் வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது. அந்த வட்டுகளில் உள்ள அலுமினியம் ஆக்சைடு துகள், மாவைவிட நைசாக உதிர்ந்து, துளைகளுக்குள்ளும் வாய்க்கால்களுக்குள்ளும் போய்த் தங்கிவிடுகிறது. கழுவினாலும் முழுவதும் வராது. எண்ணெய் ஓடத் தொடங்கிய பிறகு அது உப்புத்தாளாக மாறி உள்ளிருக்கும் எல்லாவற்றையும் தேய்க்கிறது. எஞ்சின் முகங்களில் இத்தகைய வட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்கு எழுத்து மூலம் எச்சரித்திருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். எஞ்சின் பேரிங்குகளுக்கே அந்தத் துகள் எமன் என்றால், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளியில் வால்வுகள் நகரும் இந்தப் பெட்டிக்குள் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அந்த வாடிக்கையாளருக்குப் பெட்டியை என் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வட்டு என் பட்டறைக்குள் வந்ததில்லை.

அப்படியானால் இரண்டு நாள் என்னதான் செய்கிறேன்? பழைய பேக்கிங்கின் மேல் அதைக் கரைக்கும் திரவத்தைத் தடவி, அது ஊறும் வரை காத்திருப்பதில் முதல் நாளின் பெரும்பகுதி கழிகிறது. ஊறிய பிறகு மூங்கில் சீவலால் எடுக்கிறேன். கடையில் பிளாஸ்டிக் சுரண்டிகள் கிடைக்கின்றன, அவையும் நல்லவையே. ஆனால் மூங்கிலை வேண்டிய அகலத்துக்குச் சீவி, முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம், அலுமினியத்தில் அது கீறல் போடாது. எவ்வளவு அவசரமானாலும் இரும்பு பிளேடு இந்த முகங்களின் மேல் படக்கூடாது என்பதைப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து துணி. நம் பட்டறைகளில் கை துடைப்பதிலிருந்து கண்ணாடி துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்தான். அதற்கு நான் எதிரியில்லை, ஆனால் பெட்டியின் உட்புறத்துக்கு அது ஆகாது. அதிலிருந்து உதிரும் பஞ்சு இழை ஒன்று, மின்சாரத்தால் இயங்கி எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் சாலினாய்டு வால்வின் வாயில் மாட்டினால், கியர் மாறுவதில் வரும் உதறலுக்குக் காரணம் தேடி ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும். இழை உதிராத துணியும், காய்ந்தால் பிசுக்கு விடாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும்தான் இதற்குச் சரியானவை. மண்ணெண்ணெயால் கழுவலாம், ஆனால் அதுவே கடைசித் துடைப்பாக இருக்கக்கூடாது. ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அது விட்டுப் போகும், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முகத்தை எவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்தாலும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் போல்ட் துளையிலிருந்தும் வாய்க்காலின் மூலையிலிருந்தும் எண்ணெய் ஊறி வந்து முகத்தை நனைத்திருக்கும். ஆகையால் பெட்டியை ஓர் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்து வடியவிட்டே மறுநாள் கடைசியாகத் துடைக்கிறேன். போல்ட் துளைகளைக் காற்றால் ஊதிக் காயவைப்பதும் அப்போதுதான். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கி நிற்க, அதன் மேல் போல்ட்டை முறுக்கினால், எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லாமல் அலுமினியமே விரிசல் விடும். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் காற்றின் விலை ஒன்றுமேயில்லை.

நம் மலைக்கே உரிய ஒரு தொல்லை பனி. சமவெளியில் எழுதப்பட்ட எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் நான் இதைக் கண்டதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு முழுவதும் பூட்டிக் கிடந்த பட்டறையில் உலோகம் ஐந்தாறு டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். காலையில் கதவைத் திறந்து, நான்கு பேர் உள்ளே வந்து, டீ கொதிக்கத் தொடங்கியதும், அந்த ஈரக் காற்று குளிர்ந்த அலுமினியத்தின் மேல் பட்டு முகம் முழுவதும் மெல்லிய பனித்துளி பூத்துவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலால் தொட்டால் ஈரம் ஒட்டும். அதன் மேல் பசை வைத்து மூடினால் பசை முகத்தைப் பற்றுவதில்லை, எண்ணெய் சூடேறியதும் பெயர்ந்துவிடுகிறது. இதற்காக இரண்டு குண்டு பல்புகளை எரியவிட்டு, மூட வேண்டிய பகுதிகளை ஒரு மணி நேரமாவது அவற்றின் அடியில் வைத்து, கை வெதுவெதுப்பை உணர்ந்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். பசை காய்வதும் குளிரில் மந்தமாகும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் நம் ஊரின் டிசம்பருக்குப் பொருந்தாது. அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் விட்டுத்தான் எண்ணெய் ஊற்றுகிறேன்.

பசையைப் பற்றிச் சொல்லும்போது, அது வேண்டாத இடங்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேக்கிங் உள்ள ஆயில் சேம்பருக்குப் பெரும்பாலும் பசையே தேவையில்லை. காய்ந்த முகம், நேரான விளிம்பு, அளவான முறுக்கு, இவையே போதும். "பயத்துக்கு ஒரு சுற்று" என்று பிதுக்கும் சிலிக்கானில் பாதி வெளியே வழிகிறது, மீதிப் பாதி உள்ளே வழிந்து சேமியாவாகிறது. சேம்பரின் போல்ட்டுகளை ஸ்பேனரால் பலங்கொண்டு முறுக்கிவிட்டால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு குழிந்து, துளைகளுக்கு நடுவே மேடாகிவிடும். பிறகு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஒழுகும். அந்தத் தகட்டை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி நேராக்கி, டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இந்தச் சிறு போல்ட்டுகளுக்கு அது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். மணிக்கட்டின் பலமே அதற்கு மிகுதி.

முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையை எனக்குக் கற்றுத் தந்தவர் என் பெரியப்பா. குன்னூர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீராவி எஞ்சின்களில், உலோகமும் உலோகமும் சேரும் முகங்களுக்கு நீலச் சாந்து தடவி, ஒன்றோடொன்றை வைத்து எடுத்து, நீலம் ஒட்டாத இடம் பள்ளம், அடர்ந்து ஒட்டிய இடம் மேடு என்று காட்டுவார். நேர்விளிம்புச் சட்டத்தை முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டத்திலும் வைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று இன்றும் பார்க்கிறேன். வால்வ் பாடியில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் நான் அதை அப்படியே மூடுவதில்லை. அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் நைசான தண்ணீர் உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு எழுதுவதுபோல் மெல்லத் தேய்த்துச் சமமாக்கலாம். ஆனால் எல்லா முகத்தையும் இப்படித் தேய்க்க முடியாது. பம்பின் முகத்தைத் தேய்த்தால் உள்ளே சுழலும் பற்சக்கரத்துக்கு விட்டிருக்கும் இடைவெளி மாறிவிடும். எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக்கூடாது என்று தெரிவதுதான் இந்த வேலையில் படிப்பு.

டார்க் கன்வெர்ட்டரின் கழுத்துக்கு மட்டும் நான் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். முன்புற ஆயில் சீலின் உதடு அந்தக் கழுத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய சீல் கெட்டியாகிக் கழுத்தில் ஒரு வட்டக் கோட்டை அறுத்திருக்கும். நகம் அதில் தட்டினால், புது சீல் போட்டும் பயனில்லை; கழுத்துக்கு மேல் மெல்லிய எஃகு உறை போட வேண்டும், அல்லது கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டும். நகம் தட்டாத மங்கல் தடம் என்றால் 600 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துக் கழுத்தைச் சுற்றி வட்டமாக மட்டுமே தேய்க்க வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்தால், சுழலும் கழுத்தின் மேல் தாளை இடமும் வலமும் நகர்த்திப் பளபளப்பாக்கித் தருவார்கள். அது கண்ணுக்கு அழகு, ஆனால் அந்த நகர்த்தலால் திருகாணியின் மரைபோல நுண்ணிய சுருள் கோடுகள் விழுந்துவிடும். கழுத்து சுழலும்போது அந்தச் சுருள், எண்ணெயைச் சீலுக்கு அடியால் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். முழுக் கண்ணாடியாக மின்னுவதும் நல்லதன்று. சீலின் உதட்டுக்கு அடியில் ஓர் எண்ணெய்ப் படலம் தங்கச் சிறிது சொரசொரப்பு வேண்டும். இல்லாவிட்டால் உதடு காய்ந்து எரியும்.

ஓ-ரிங்குகளையும் டெஃப்லான் வளையங்களையும் இடத்தில் ஒட்டி வைக்க வேஸ்லின் போதும். சூட்டில் கரைந்து எண்ணெயோடு கலந்துவிடும். சக்கர பேரிங்குக்கு வைக்கும் கிரீஸைத் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அது கரையாது, கட்டியாகவே ஃபில்டருக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் தொழில் பத்திரிகைக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், இது எங்கள் பட்டறைச் சுவருக்குள் முடிகிற விஷயமாக இல்லை என்பதே. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். குறைந்த கியரில் இறங்குங்கள் என்று பலகைகள் சொல்கின்றன. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது 2 என்று போட்டு இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, பெட்டிக்குள் ஒரு குறிப்பிட்ட கிளட்ச் முழுப் பலத்தோடு பிடித்திருப்பதால்தான். வாய்க்கால் வரப்பில் எண்ணெய் கசிந்து அந்தக் கிளட்ச் வழுக்கினால், ஓட்டுநர் சரியான கியரைத்தான் போட்டிருப்பார், ஆனால் வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின் மேல் இறங்கும். கீழே இறங்குவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கக்கூடும். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று நாம் சொல்லிவிடும் இடங்களில் எத்தனையில் பெட்டியின் உள்முகம் காரணமாக இருந்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வண்டி உரிமையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சீசனில் மாலைக்குள் வண்டி வேண்டும் என்று பட்டறைக்காரரை நெருக்காதீர்கள். நெருக்கினால் அவர் குறைக்கப்போவது கிளட்ச் தட்டையோ சீலையோ அன்று, இந்தத் துடைக்கும் நேரத்தைத்தான். ஏனென்றால் பெரும்பாலான பில்களில் தெரியாதது அதுதான். பெட்டியை மூடுவதற்கு முன் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். வால்வ் பாடியின் முகத்தை விளக்கடியில் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். சக பட்டறைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: இந்த வேலையைப் பொதுக் கூலிக்குள் புதைக்காமல் தனி வரியாக எழுதுங்கள். எழுதினால் கேட்பார்கள், கேட்டால் விளக்கலாம். எழுதாத வேலை, அடுத்த பட்டறையின் குறைந்த விலையோடு போட்டியிடும்போது முதலில் வெட்டப்படும் வேலையாகிவிடும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அங்கே படித்து வரும் பிள்ளைகள் அறிவுள்ளவர்கள், ஆட்டோமேட்டிக் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குகிறார்கள். ஆனால் என்னிடம் பழக வந்தவர்களில் ஒருவர்கூட, ஒட்டிய பேக்கிங்கைக் கீறல் இல்லாமல் எடுத்துப் பழகியவராக இருந்ததில்லை. பழுதான அலுமினியப் பெட்டி ஒன்றும், நேர்விளிம்புச் சட்டம் ஒன்றும், ஒரு ஃபில்லர் கேஜும் இருந்தால் இதை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். மாவட்ட நிர்வாகமும் பயிற்சித் துறையும் இதைச் செய்முறை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி வாங்கத்தான் பணம் இல்லையென்றால், என் பட்டறையின் பின்புறம் உடைந்துபோன மூன்று பெட்டிகள் கிடக்கின்றன. எந்த நிலையம் கேட்டாலும் கழுவிச் சுத்தம் செய்து, கீறல் விழுந்த அந்த வால்வ் பாடியையும் சேர்த்து, விலையில்லாமல் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை நடத்தும் வாசகர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.